முதல் பி.ஆர். வேலை: ஏஜென்சியா, ஆஸ்பத்திரியா, சினிமாவா?

அக்கா மகள் போன வாரம் மதுரையிலிருந்து போன் செய்தாள். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பு முடித்து இரண்டு மாதம் ஆகிறது. "சித்தி, மூணு இடத்துல கூப்பிட்டிருக்காங்க. மூணுமே பி.ஆர்.தான். எதுல சேரட்டும்?"

ஒன்று, சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு நடுத்தர பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சி. ஆறு மாத இன்டர்ன்ஷிப், மாதம் 8,000 ரூபாய். இரண்டு, மதுரையிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) வேலை. மாதம் 16,000, வீட்டிலிருந்தே போய் வரலாம். மூன்று, சினிமா பி.ஆர்.ஓ. ஒருவரிடம் உதவியாளர். சம்பளம் என்று எதுவும் பேசவில்லை. "படத்துக்குப் படம் பார்த்துக்கலாம்மா" என்றாராம்.

வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரி பக்கம். அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. இரண்டு மடங்கு சம்பளம், ஹாஸ்டல் செலவு கிடையாது, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையிலேயே பி.ஆர்.ஓ. என்று போட்டிருக்கும். நான் 14 வருடமாகச் சென்னையில் இந்தத் தொழிலில் இருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளை நேர்காணல் செய்வதும் இப்போது என் வேலையில் ஒரு பகுதி. அவளுக்குப் போனில் அரையும்குறையுமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் ஆஸ்பத்திரியைப் பார்த்துவிடலாம். "என்ன வேலைன்னு கேட்டியா?" என்றேன். "வர்ற பேஷண்ட்டுக்கு வழி காட்டணும், இன்சூரன்ஸ் பேப்பரெல்லாம் சரிபார்க்கணும், சுத்துப்பட்டு ஊர்ல இருக்கிற டாக்டர்களைப் போய்ப் பார்த்துப் பேசணும்னு சொன்னாங்க சித்தி." இது நல்ல வேலைதான். உடம்பு சரியில்லாதவரைக் கூட்டிக்கொண்டு பதறி வரும் குடும்பத்துக்கு முதலில் முகம் கொடுப்பவர் அவர்தான். ஆனால் பத்திரிகையோடும் எழுத்தோடும் புழங்குகிற பி.ஆர். இது இல்லை. நம் ஊரில் பி.ஆர்.ஓ. என்ற மூன்றெழுத்துக்கு இடத்துக்கு ஒரு பொருள். ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் நோயாளிகளுக்கு உதவி செய்பவர், பல தனியார் கல்லூரிகளில் அட்மிஷனுக்கு ஆள் பிடிப்பவர், கலெக்டர் ஆபீஸில் அரசுச் செய்தியை வெளியிடுபவர், சினிமாவில் பத்திரிகையாளர்களை ஒருங்கிணைப்பவர். விளம்பரத்தில் பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள்.

இரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஏஜென்சிக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க எழுதின பிரஸ் ரிலீஸ் ஒண்ணு காட்டுங்க." அங்கேயே பலர் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் மேல் தவறில்லை, எழுதும் வாய்ப்பே யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் செய்தித் தொடர்புக்கென்று தனிப் பிரிவு உண்டு. அங்கே கிடைத்தால் கதையே வேறு. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து பத்திரிகைகளுக்குப் போன அறிக்கை ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டினால் அது பி.ஆர். பிரிவு. முழித்தால் அது வரவேற்பு மேசை வேலை.

அடுத்தது ஏஜென்சி. இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் மூன்றிலும் பார்க்கச் சுமாரானது இதுதான்.

இன்டர்னின் நாள் காலை ஏழு மணிக்குத் தொடங்கும். எல்லாத் தினசரிகளின் இ-பேப்பரையும் திறந்து, கிளையண்ட்டின், அதாவது ஏஜென்சியை அமர்த்திய நிறுவனத்தின், பெயர் எங்கே வந்திருக்கிறது, போட்டி நிறுவனம் பற்றி என்ன வந்திருக்கிறது, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எத்தனை பத்தி என்று பார்த்து டிராக்கர் என்கிற அட்டவணையில் ஏற்ற வேண்டும். ஒன்பதரைக்குள் அது கிளையண்ட்டுக்குப் போய்விட வேண்டும். மாதக் கடைசியில் வெளிவந்த செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து டாசியர் என்கிற தொகுப்பு தயாரிக்க வேண்டும். செய்தி வந்த இடத்தை அளந்து, அதே இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போடும் பழக்கமும் இன்னும் இருக்கிறது. அந்தக் கணக்கு பி.ஆரின் மதிப்பாகாது என்று 2010-இலேயே பி.ஆர். வேலையை அளப்பதற்கான சர்வதேச பார்சிலோனா கோட்பாடுகளில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கிளையண்ட்டுகள் கேட்கிறார்கள், நாமும் போட்டுக் கொடுக்கிறோம். முதல் மாதம் இதெல்லாம் குமாஸ்தா வேலை மாதிரிதான் தெரியும். மூன்றாவது மாதம் உங்களுக்கே தெரியாமல் ஒன்று நடந்திருக்கும். எந்தச் செய்தி எந்தப் பேப்பரில் எந்தப் பக்கத்தில் வரும் என்று கைக்குப் பழகியிருக்கும். தமிழ்த் தினசரிகள் பல கிளையண்ட்டின் பெயரை எடுத்துவிட்டு "தனியார் நிறுவனம்", "தனியார் மருத்துவமனை" என்று போட்டுவிடும். அப்படிப் போடாமல் பெயரோடு வர வேண்டுமென்றால் செய்தியில் என்ன இருக்க வேண்டும் என்பது இந்த டிராக்கர் வேலையில்தான் பிடிபடும்.

அப்புறம் மொழி. தமிழ் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்குச் சென்னை ஏஜென்சிகளில் ஒரு தனி இடம் இருக்கிறது. 1991-க்குப் பிறகு பொருளாதாரம் திறந்து வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தபோதுதான் இந்தியாவில் பெரிய ஏஜென்சிகள் முளைத்தன. ஜெனிசிஸ், பெர்ஃபெக்ட் ரிலேஷன்ஸ் இரண்டும் 1992-இல், அட்ஃபேக்டர்ஸ் பி.ஆர். 1997-இல். எல்லாம் டெல்லியையும் மும்பையையும் மையமாக வைத்து வளர்ந்தவை. அதனால் இன்றைக்கும் பெரும்பாலான அறிக்கைகள் அங்கே ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, இங்கே தமிழாக்கத்துக்கு வருகின்றன. வருகிற வேகத்தில் தமிழாக்கி அனுப்புவது இப்படி இருக்கும்:

"இதய நலத்தில் முன்னணி வகிக்கும் எங்கள் நிறுவனம், அதிநவீன, நோயாளிகளை மையமாகக் கொண்ட உலகத்தரம் வாய்ந்த வசதியின் தொடக்கத்தை அறிவிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறது."

இதைப் படிக்கும் உதவி ஆசிரியருக்கு ஒன்றும் கிடைக்காது. எந்த ஊர், எத்தனை படுக்கை, யாருக்கு என்ன பயன், எதுவும் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"மதுரை கே.கே. நகரில் 40 படுக்கைகள் கொண்ட இதய சிகிச்சைப் பிரிவு திங்கட்கிழமை தொடங்கப்பட்டது. மாரடைப்புடன் நள்ளிரவில் வருபவர்களுக்கும் உடனே ஆஞ்சியோ செய்ய டாக்டர்கள் 24 மணி நேரமும் பணியில் இருப்பார்கள்."

இரண்டாவதை அப்படியே பக்கத்தில் வைக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் இந்தத் தொழில். முதலாவதை எழுதியவரை உட்காரவைத்து இரண்டாவதை எழுதவைக்கும் ஒரு சீனியர் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறாரா என்பதுதான் நான் எல்லா வேலையிலும் முதலில் பார்க்கச் சொல்வது.

அது ஏன் என்று சொல்ல என் அனுபவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் முதலில் சேர்ந்தது ஒரு சின்ன ஏஜென்சி. சேர்ந்த ஐந்தாவது வாரம் ஒரு பிரஸ் மீட்டுக்கு அழைப்பிதழ் எழுதினேன். தேதியை 12 என்றும் கிழமையைச் செவ்வாய் என்றும் போட்டுவிட்டேன். 12-ஆம் தேதி புதன்கிழமை. அனுப்புவதற்கு முன் இன்னொருவர் படிக்கும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நான்கு நிருபர்கள் அந்த ஓட்டலுக்கு வந்து நின்றார்கள். அதில் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர், தாம்பரத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். போனில் கோபப்படவில்லை, "பரவாயில்லம்மா, நாளைக்கு வேற அசைன்மென்ட் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் கூட்டத்துக்கு அவர் பேப்பரிலிருந்து யாரும் வரவில்லை. எட்டு மாதம் கழித்து வேறொரு ஏஜென்சிக்கு மாறினேன். அங்கே இருந்த மேடம் எதையும் கணினித் திரையில் படிக்க மாட்டார். பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்காருவார். முதல் பத்தியில் யார், எங்கே, எப்போது மூன்றும் இல்லையென்றால் இரண்டாவது பத்திக்கே போக மாட்டார். கிழமையையும் தேதியையும் காலண்டரில் வைத்துப் பார்ப்பார். நான் இந்தத் தொழிலில் கற்றது பாதிக்கு மேல் அந்தச் சிவப்பு மையில்தான்.

பெரிய ஏஜென்சியா, சின்னதா என்றும் பலர் கேட்கிறார்கள். பெரியதில் முறையான பயிற்சி உண்டு, பெயருக்கு மதிப்பு உண்டு, பல துறைக் கிளையண்ட்டுகளைப் பார்க்கலாம். ஆனால் ஆறு மாதமும் டிராக்கரிலேயே உட்காரவைத்துவிடும் அபாயமும் உண்டு. சின்னதில் இரண்டாவது மாதமே பிரஸ் மீட்டில் நிருபர்களுக்கான தகவல் தொகுப்போடு வாசலில் நிற்பீர்கள், நிருபர்களின் முகம் பழகும்; ஆனால் நான் சொன்ன மாதிரி உங்கள் எழுத்தைத் திருத்த ஆளில்லாமலும் போகலாம். அக்கா மகளுக்கு வந்திருப்பது நடுத்தரம். நல்லதாக அமைந்தால் இரண்டு பக்க நன்மையும் கிடைக்கும் அளவு அது.

ஏஜென்சியில் சேருகிறவர்கள் ஒன்றை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பிரஸ் மீட்டுகளில் நிருபர்களுக்குப் பணம் வைத்த "கவர்" கொடுக்கும் பழக்கம் அந்த நிறுவனத்தில் உண்டா? காசு கொடுத்துச் செய்தி வரவைக்கும் இடத்தில் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே யாருக்கும் இருக்காது. செய்தியைச் செய்தியாக ஆக்கத் தெரியாமலேயே வருடங்கள் ஓடிவிடும். நிருபரை மதிக்கும் ஆள் அதைச் செய்ய மாட்டார்.

மூன்றாவது, சினிமா. இதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. தமிழ்நாட்டில் பி.ஆர்.ஓ. என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது சினிமாதான். 1958-இல் வந்த எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகை அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் தொடங்கியது பிலிம் நியூஸ் ஆனந்தனின் பி.ஆர்.ஓ. வாழ்க்கை. தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று அவரைத்தான் சொல்கிறோம். இந்தியப் பொது உறவுச் சங்கமான பி.ஆர்.எஸ்.ஐ. உருவானதும் அதே 1958-இல்தான். ஆனந்தன் 2016-இல் காலமாகும் வரை சேர்த்துவைத்த படப் பட்டியல்களும் புகைப்படங்களும் இல்லாமல் தமிழ்த் திரை வரலாற்றை எழுத முடியாது. ஒரு பி.ஆர்.ஓ. ஆவணம் காப்பவராகவும் இருக்க முடியும் என்று காட்டியவர் அவர்.

இன்றைய சினிமா பி.ஆர்.ஓ.விடம் உதவியாளராகச் சேர்ந்தால் டிரெய்லர் வெளியீடு, பாட்டு விழா, பத்திரிகையாளர் காட்சி, யூடியூப் சேனல்களுக்கு வரிசையாகப் பேட்டி ஏற்பாடு என்று நாள் பறந்துவிடும். வெள்ளிக்கிழமை வரவேண்டிய படம் வியாழக்கிழமை இரவு பணப் பிரச்சினையில் மாட்டி, காலைக் காட்சி உண்டா இல்லையா என்று நிருபர்கள் மாறி மாறிக் கூப்பிடும்போது, தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததைச் சொல்லாமல், பொய்யும் சொல்லாமல் சமாளிக்கிற பயிற்சி வேறு எங்கேயும் இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. ஆறு மாதத்தில் இருநூறு நிருபர்களின் எண் கையில் இருக்கும்.

ஆனால் எல்லாமே ஒரு தனி மனிதரைச் சார்ந்தது. அவர் சொல்லிக் கொடுப்பவராக இருந்தால் அதிர்ஷ்டம்; இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதே வேலையாகிவிடும். சம்பளம் படத்துக்குப் படம். விழா முடிய ராத்திரி பதினொன்று ஆகும். வீட்டுக்குப் போக வண்டி யார் ஏற்பாடு செய்வார்கள் என்று முதல் நாளே பேசிவிட வேண்டும், பெண் பிள்ளைகள் கண்டிப்பாகப் பேச வேண்டும். சென்னையில் சொந்த வீடு, சினிமா மேல் தீராத ஆசை, ஒரு வருடம் வருமானம் இல்லாவிட்டாலும் தாங்கும் குடும்பம், மூன்றும் இருப்பவர்களுக்கு இதை மனதாரச் சொல்வேன். மதுரையிலிருந்து வருகிற பிள்ளைக்கு முதல் படியாக இதைச் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் ஏஜென்சியில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தால் அவர்களே சம்பளம் பேசுவார்கள்.

இந்த மூன்றுக்கும் வெளியே இருக்கிற வழிகளையும் அவள் கேட்டாள். பத்திரிகையில் ஒன்றிரண்டு வருடம் நிருபராக இருந்துவிட்டு பி.ஆருக்கு வருவது என் பார்வையில் எல்லாவற்றையும்விடச் சிறந்த வழி. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு எது செய்தி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லூரியில் படிக்கும்போதே விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் மாதிரி ஒன்றில் சேர்ந்தவர்களைப் பார்த்தால் நேர்காணலில் எனக்கே ஒரு நம்பிக்கை வந்துவிடும். ஆனால் அக்கா மகள் அதில் சேரவில்லை, இப்போது படிப்பும் முடிந்துவிட்டது.

அரசு வழி தனி. செய்தி மக்கள் தொடர்புத் துறையில் உதவி மக்கள் தொடர்பு அலுவலர் ஆவது, குடிமைப் பணித் தேர்வு எழுதி இந்தியத் தகவல் பணிக்குப் போவது, இரண்டும் மரியாதையான வேலைகள். 'செய்தி வெளியீடு எண்' என்று தலைப்பில் போட்டு மாவட்டத்திலிருந்து வரும் ஒவ்வொரு அறிக்கைக்குப் பின்னாலும் ஒரு மக்கள் தொடர்பு அலுவலகம் இருக்கிறது. ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்கக் கூடாது. ஒரு வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். படிப்பை நீட்டிப்பது என்றால், சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் மக்கள் தொடர்புக்கென்றே முதுகலை இருக்கிறது. டெல்லியில் 1965-இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.எம்.சி. (இந்திய வெகுஜனத் தொடர்பியல் நிறுவனம்) விளம்பரமும் மக்கள் தொடர்பும் சேர்ந்த படிப்புக்குப் பேர்போனது. வேறு பாடம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு இவை உதவும். விஸ்காம் முடித்தவருக்கு ஆறு மாத வேலை அதைவிட அதிகம் கொடுக்கும். பெரிய நிறுவனங்களின் செய்தித் தொடர்புப் பிரிவுகள் புதியவர்களை எடுப்பது குறைவு. ஏஜென்சியிலும் பத்திரிகையிலும் பழுத்தவர்களைத்தான் தேடுவார்கள். அந்தக் கதவை இரண்டு மூன்று வருடம் கழித்துத் தட்டலாம்.

சரி, பணம். இதைப் பேசாமல் ஏஜென்சிக்குப் போ என்று சொல்வது நியாயமில்லை. அவள் விசாரித்த லேடீஸ் ஹாஸ்டலில் சாப்பாட்டோடு மாதம் 7,500. கைக்கு வரும் 8,000-இல் மிச்சம் 500. பஸ், போன், அவசரத்துக்கு என்று வீட்டிலிருந்து மாதம் 3,000 ஆவது அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு 18,000 கையிலிருந்து போகும். அதே ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தால் 96,000 உள்ளே வரும். அக்காவிடம் இதை அப்படியே சொன்னேன், மறைக்கவில்லை. தாங்க முடியாத வீடாக இருந்தால் நான் ஏஜென்சியைச் சொல்லியிருக்க மாட்டேன். அப்படிப்பட்டவர்களுக்கு வேறு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சென்னை ஏஜென்சிகளுக்கு மதுரை, கோவை, திருச்சியில் 'அசோசியேட்' என்று உள்ளூர் ஆட்கள் உண்டு. அந்த ஊர் பிரஸ் மீட்டை நடத்துவது, உள்ளூர் நிருபர்களிடம் பேசுவது, வந்த செய்தியைச் சேகரித்து அனுப்புவது எல்லாம் அவர்கள்தான். அவர்களிடம் உதவியாளராக இருந்தால் வீட்டுச் சாப்பாட்டோடு அதே தொழிலைக் கற்கலாம்.

"ஆனா சித்தி, எனக்கு எக்ஸ்பீரியன்ஸே இல்லையே, ஏஜென்சியில என்ன காட்டுறது?" என்றாள். போன வருடம் அவள் கல்லூரி என்.எஸ்.எஸ். ரத்ததான முகாம் பற்றித் தினசரி ஒன்றில் நாலு வரி வந்திருந்தது, எனக்குக்கூட அனுப்பியிருந்தாள். அதை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டேன். "நான்தான். நிருபர் அண்ணாகிட்ட வாட்ஸ்அப்புல போட்டேன், ரெண்டு தடவை போன் பண்ணேன், மூணாவது நாள் வந்துச்சு." அதுதான் அனுபவம். எழுதியது, அனுப்பியது, தொந்தரவு செய்யாமல் நினைவூட்டியது, வெளிவந்தது. அவள் எழுதியதையும் பேப்பரில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரு பக்கம் தயார் செய்யச் சொன்னேன். வேலை தேடிக்கொண்டிருக்கும் யாரும் தெரு நூலகம், கோயில் அன்னதானம், பள்ளி ஆண்டு விழா என்று எதையாவது இப்படி மூன்று செய்தியாக்கிவிடலாம். தாலுகா ஊர்களில்கூடத் தினசரிகளுக்குப் பகுதி நேர நிருபர்கள் இருக்கிறார்கள். தேதி, இடம், முழுப் பெயர் சரியாக இருந்து, படமும் சேர்த்து, மதியத்துக்குள் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். மூன்று துணுக்குகளோடு வருகிற பிள்ளையை நான் பத்துச் சான்றிதழோடு வருகிறவருக்கு முன்னால் உட்காரவைப்பேன்.

கடைசியாக, ஏஜென்சிக்குப் போன் செய்து மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். நான் எழுதுவதை அனுப்பும் முன் யார் படிப்பார்கள்? பிரஸ் மீட்டுக்கு என்னைக் கூட்டிப் போவீர்களா? போன வருடம் வந்த இன்டர்ன்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தீர்கள்? கேட்கத் தயங்கினாள். "கேளு, தப்பா நினைக்க மாட்டாங்க" என்றேன்.

நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பினாள். மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, ஒரு ஆங்கில அறிக்கையைக் கொடுத்துச் சாயந்திரத்துக்குள் தமிழாக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவள் அனுப்பியது ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்திருக்கிறது. ஒரு பத்தியில் பதினொரு இடத்தில் சிவப்பு. "பாதி வார்த்தையை அடிச்சிட்டாங்க சித்தி. அவங்க எழுதினதைப் படிச்சா எனக்கே அதுதான் நல்லா இருக்கு" என்று கீழே எழுதியிருந்தாள்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் பார்க்கச் சொன்னேன். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கும் அந்த பி.ஆர்.ஓ. சாருக்கும் அவளே போன் செய்து, வரவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னேன்.